டகோட்டா விமானமும் இரும்புத் தாதுவும்: பிஜு பட்நாயக்கின் வாழ்க்கை

கொல்கத்தா விமான நிலையத்தின் ஓர் ஓரத்தில் பல ஆண்டுகளாகத் துருவேறிக் கிடந்த பழைய டகோட்டா விமானம் ஒன்று, 2023ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, லாரிகளில் ஏற்றப்பட்டுச் சாலை வழியாக ஒடிசா தலைநகர் புவனேஸ்வருக்குக் கொண்டுவரப்பட்டது. மாநில எல்லையிலிருந்து வழிநெடுக மக்கள் கூடி நின்று அதனைப் பார்த்தனர். அந்த விமானம் கலிங்கா ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. அந்நிறுவனத்தைத் தொடங்கியவர் பிஜு பட்நாயக்.

தமிழ் வாசகர்களுக்கு அவர் பெயர் பெரும்பாலும் ஒடிசாவின் முன்னாள் முதல்வர் என்றோ, அம்மாநிலத்தை 24 ஆண்டுகள் ஆண்ட நவீன் பட்நாயக்கின் தந்தை என்றோதான் அறிமுகமாகியிருக்கும். ஆனால் அரசியலுக்குள் முழுமையாக வருமுன் அவர் விமானி. பின்னர் விமான நிறுவன உரிமையாளர். அதன்பின் இரும்பு, மாங்கனீசுச் சுரங்கங்களை நடத்திய தொழிலதிபர். சுதந்திர இந்தியாவின் முதல் தலைமுறையில் வானத்தையும் மண்ணடியையும் ஒருசேரத் தொழிலாகக் கொண்டவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் அவர் ஒருவர்.

பிஜயானந்த பட்நாயக் 1916ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் தேதி கட்டாக் நகரில் பிறந்தார். தந்தை லட்சுமிநாராயண் பட்நாயக், தாய் ஆஷாலதா தேவி. குடும்பத்தின் பூர்வீகம் கஞ்சம் மாவட்டத்திலுள்ள பெல்லகுந்தா. அக்காலத்தில் கஞ்சம் சென்னை மாகாணத்தின் வடகோடி மாவட்டமாக இருந்தது. தென்மேற்கில் கல்பாத்தி அக்கிரகாரத்தையும் பாலக்காட்டையும் உள்ளடக்கிய மலபார் மாவட்டம் எந்த மாகாணத்தின் கீழ் இருந்ததோ, அதே மாகாணத்தின் கீழ்தான் கஞ்சமும் இருந்தது. 1936ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி ஒரிசா தனி மாகாணமானபோதுதான் கஞ்சத்தின் பெரும்பகுதி சென்னையிலிருந்து பிரிந்து சென்றது.

கட்டாக்கின் ராவென்ஷா கல்லூரியில் சேர்ந்த அவர் பட்டப்படிப்பை முடிக்கவில்லை. விமானம் ஓட்டும் ஆசை அவரைக் கல்லூரியிலிருந்து பயிற்சி மைதானத்துக்கு இழுத்துச் சென்றது. டெல்லி ஃப்ளையிங் கிளப்பில் பயிற்சி பெற்று, இந்தியன் நேஷனல் ஏர்வேஸ் என்ற தனியார் நிறுவனத்தில் விமானியானார். விமானிகளில் பெரும்பாலோர் ஆங்கிலேயராக இருந்த காலம் அது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ராணுவப் போக்குவரத்துப் பணிக்குச் சென்றார்.

1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவுக்குள் புகுந்தபோது ரங்கூனிலிருந்து மக்களை மீட்கும் பறப்புகளில் அவர் ஈடுபட்டார். அந்த ஆண்டின் பர்மா, தமிழ்நாட்டின் நினைவிலும் ஆறாத வடுவாக உள்ளது. விமானங்களில் இடம் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயக் குடும்பத்தினர். லட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களுள் பல்லாயிரம் தமிழர்கள், அரக்கான் மலைகள் வழியாகவும் மணிப்பூர் காடுகள் வழியாகவும் நடந்தே வந்தனர். பலர் வழியிலேயே மாண்டனர்.

பிரிட்டிஷ் அரசின் சீருடையில் இருந்துகொண்டே அவர் அந்த அரசுக்கு எதிரான வேலையையும் செய்தார். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது தலைமறைவாக இருந்த ஜெயப்பிரகாஷ் நாராயண், ராம் மனோகர் லோகியா, அருணா ஆசஃப் அலி போன்றோரை ரகசியமாக ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு விமானத்தில் கொண்டு சேர்த்தார். துண்டறிக்கைகளையும் வானிலிருந்து வீசினார். 1943ஆம் ஆண்டு ஜனவரியில் கைது செய்யப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் இருந்தார். விடுதலைக்குப் பின் 1946இல் ஒரிசா சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

போர் முடிந்ததும் இந்தியாவில் விமானத் தொழிலுக்கு விந்தையான ஒரு வாய்ப்பு உருவானது. நேச நாட்டுப் படைகள் விட்டுச்சென்ற டகோட்டா விமானங்கள் மலிவு விலையில் விற்பனைக்கு வந்தன. இரட்டை இன்ஜின் கொண்ட அந்த விமானத்துக்கு நீண்ட ஓடுபாதை தேவையில்லை. சமன் செய்த மண்தரையே போதும். உதிரிபாகங்களும் தாராளமாகக் கிடைத்தன. நாடெங்கும் புதிய விமான நிறுவனங்கள் முளைத்தன. பிஜு பட்நாயக் தொடங்கிய கலிங்கா ஏர்லைன்ஸ், கல்கத்தாவை மையமாகக் கொண்டு இயங்கியது. மனைவி ஞானும் விமானம் ஓட்டத் தெரிந்தவர்.

அந்நிறுவனம் உலகச் செய்திகளில் இடம்பெற்றது 1947ஆம் ஆண்டு ஜூலையில். சுதந்திரம் பிரகடனம் செய்திருந்த இந்தோனேசியக் குடியரசின் மீது ஜூலை 21ஆம் தேதி டச்சு அரசு படையெடுத்தது. கடலும் வானும் டச்சுக்காரர்களின் கட்டுப்பாட்டில் இருந்தன. முன்னாள் பிரதமர் சுதான் ஷாஹ்ரீரை வெளியே கொண்டுவந்து, உலக நாடுகளின் முன் அந்நாட்டின் வழக்கை வைக்க வேண்டும் என்பது ஜவாஹர்லால் நேருவின் விருப்பம். அப்பொறுப்பை அவர் பிஜுவிடம் ஒப்படைத்தார். மனைவியுடன் ஜாவாவுக்குப் பறந்த பிஜு, டச்சுப் போர் விமானங்களின் அச்சுறுத்தலுக்கிடையே ஷாஹ்ரீரை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் சேர்ந்தார். அங்கிருந்து இந்தியா வந்தார். ஆகஸ்ட் 14ஆம் தேதி, இந்தியா விடுதலை பெறுவதற்கு முந்தைய நாள், ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஷாஹ்ரீர் தம் நாட்டுக்காக வாதாடினார்.

இந்த வெற்றிக் கதை பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. அதே வாரத்தில் நிகழ்ந்த மற்றொன்று ஏனோ இந்தியாவில் குறைவாகவே நினைவுகூரப்படுகிறது. ஜூலை 29ஆம் தேதி, பிஜு பட்நாயக்குக்குச் சொந்தமான மற்றொரு டகோட்டா, மலேயா செஞ்சிலுவைச் சங்கம் அளித்த மருந்துகளுடன் சிங்கப்பூரிலிருந்து ஜோக்ஜகர்த்தாவுக்குச் சென்றது. தரையிறங்கும் தறுவாயில் டச்சுப் போர் விமானங்கள் அதனைச் சுட்டு வீழ்த்தின. அதிலிருந்த 9 பேரில் 8 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் விமானிகளும், இந்தியப் பொறியாளர் ஒருவரும், இந்தோனேசிய விமானப்படையின் முன்னோடியான அகுஸ்தினுஸ் அதிசுஜிப்தோவும் அடங்குவர். ஜோக்ஜகர்த்தா விமான நிலையத்துக்குப் பின்னாளில் அதிசுஜிப்தோவின் பெயர் சூட்டப்பட்டது. ஷாஹ்ரீரை மீட்ட பயணத்தில் பிஜு எத்தகைய ஆபத்தை ஏற்றார் என்பதை அளவிட, ஒரு வாரம் கழித்து வீழ்ந்த அந்த விமானம் ஒன்றே போதும்.

இந்தோனேசியா அவரை மறக்கவில்லை. பூமிபுத்ரா என்ற கௌரவத்தையும் பின்னர் உயரிய தேசிய விருதையும் அளித்தது. அதிபர் சுகர்ணோவின் மகளுக்கு மேகவதி என்ற பெயரைப் பரிந்துரைத்தவர் பிஜுவே என்று இரு நாடுகளிலும் பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்தக் குழந்தையே பின்னாளில் இந்தோனேசியாவின் அதிபரான மேகவதி சுகர்ணோபுத்ரி.

1947 அக்டோபர் இறுதியில் காஷ்மீருக்குப் படைகளை அவசரமாக அனுப்ப நேர்ந்தபோது, விமானப்படையிடம் போதிய போக்குவரத்து விமானங்கள் இல்லை. தனியார் நிறுவனங்களின் டகோட்டாக்கள் அனைத்தும் திரட்டப்பட்டன. ஸ்ரீநகருக்கு வீரர்களையும் தளவாடங்களையும் கொண்டு சென்ற அப்பணியில் கலிங்கா விமானங்களும் பிஜுவும் பங்கேற்றனர்.

வீரத்தால் மட்டும் விமான நிறுவனம் லாபம் ஈட்டுவதில்லை. மலிவாகக் கிடைத்த டகோட்டாக்களே இறுதியில் தொழிலுக்கு வினையாயின. பயணிகளின் எண்ணிக்கையைவிட நிறுவனங்களின் எண்ணிக்கை வேகமாக வளர்ந்தது. எரிபொருள் செலவும் ஏறியது. 1950இல் நீதிபதி ராஜாத்யக்ஷ தலைமையிலான குழு நிலைமையை ஆராய்ந்தது. 1953 ஆகஸ்ட் முதல் தேதி விமானப் போக்குவரத்து நாட்டுடைமையானபோது, உள்நாட்டுச் சேவைகளை நடத்திவந்த 8 நிறுவனங்கள் இந்தியன் ஏர்லைன்ஸில் இணைக்கப்பட்டன. அவற்றுள் கலிங்காவும் ஒன்று. புதிய நிறுவனத்துக்குக் கிடைத்த 99 விமானங்களில் 74 டகோட்டாக்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

கலிங்கா என்ற பெயர் வானிலிருந்து முற்றாக மறையவில்லை. பின்னாளில் அட்டவணையில்லாச் சேவையாக, இன்றைய அருணாச்சலப் பிரதேசமான வடகிழக்கு எல்லைப் பகுதியின் மலைக்காவல் நிலையங்களுக்கு உணவுப் பொருள்களை வானிலிருந்து போடும் பணியை அது செய்தது. சாலையே இல்லாத அந்தப் பள்ளத்தாக்குகளில் அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் விமானத்திலிருந்துதான் விழ வேண்டும். கதவு கழற்றப்பட்ட டகோட்டா மலைகளுக்கிடையே தாழ்ந்து வட்டமிடும். உள்ளே நிற்கும் தொழிலாளர்கள் மூட்டைகளைக் காலால் உதைத்து வெளியே தள்ளுவர். உடையக்கூடிய பொருள்களுக்கு மட்டும் பாராசூட். அரிசியை ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைச் சாக்கில் கட்டுவார்கள். உட்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு காக்கும். மேகம் திடீரென மூடினால் திரும்ப வழியில்லை. இப்பணியில் உயிரிழந்த விமானிகள் பலர்.

விமானத்தை அரசு எடுத்துக்கொண்டபின் பிஜுவின் கவனம் முழுமையாக மண்ணடிக்குத் திரும்பியது. ஒரிசாவின் கியோஞ்சர் மாவட்டத்தில் உள்ள பார்பில் வட்டாரம், இரும்புத் தாதுவும் மாங்கனீசும் செறிந்த பகுதி. அங்கு அவரது குழுமத்துக்குச் சுரங்கங்கள் இருந்தன. தாதுவை வெட்டி விற்பதோடு நிற்காமல், பார்பிலிலேயே கலிங்கா இரும்பாலையை நிறுவினார். கட்டாக்கை அடுத்த சௌத்வாரில் கலிங்கா டியூப்ஸ் என்ற இரும்புக் குழாய் ஆலை எழுந்தது.

பார்பில் ஆலையின் தொழில்நுட்பம் தனித்துக் கவனிக்கத்தக்கது. வழக்கமான ஊதுலை மிக உயரமானது. உள்ளே அடுக்கப்படும் தாதுவின் எடையைத் தாங்க, நொறுங்காத முதல்தரக் கோக் நிலக்கரி அதற்கு வேண்டும். இந்தியாவில் அத்தகைய நிலக்கரி குறைவு. பார்பிலில் அமைக்கப்பட்ட உயரம் குறைந்த உலைகள், தரம் தாழ்ந்த எரிபொருளையும் சிறுசிறு தாதுத் துண்டுகளையும் கொண்டே வார்ப்பிரும்பு தயாரிக்க வல்லவை. பெரும் முதலீடு இல்லாத பின்தங்கிய மாநிலத்துக்கு ஏற்ற வழி அது என்பதில் ஐயமில்லை.

இந்தக் காலத்தில்தான் அவர் தமது பணத்தைக் கொண்டு ஓர் அறிவியல் பரிசையும் ஏற்படுத்தினார். அவரது நன்கொடையில் 1951இல் யுனெஸ்கோ நிறுவிய கலிங்கா பரிசு, அறிவியலை மக்களிடம் கொண்டு சேர்ப்போருக்கு வழங்கப்படுகிறது. 1952இல் முதல் பரிசைப் பெற்றவர் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி தெ பிராய். 1957இல் பெர்ட்ரண்ட் ரஸல், 1961இல் இலங்கையில் குடியேறியிருந்த ஆர்தர் சி. கிளார்க் ஆகியோர் பெற்றனர். 1997இல் அதனைப் பெற்றவர்களுள் விஞ்ஞானி டி. பாலசுப்பிரமணியன் ஒருவர். கலிங்கப் போரால் அறியப்பட்ட பெயரை அறிவியலுடன் இணைத்த இச்செயல், அவர் செய்தவற்றிலேயே சர்ச்சையில்லாத ஒன்று எனலாம்.

1961 ஜூனில் நடந்த இடைத்தேர்தலில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை பெற்றுத் தந்து அவர் முதல்வரானார். சுரங்க உரிமையாளராக அவர் கண்டிருந்த குறை ஒன்று, முதல்வராக அவர் செய்த முதல் பெரும் வேலையானது. ஒரிசாவில் தாது மலையளவு இருந்தது. அதனை ஏற்றியனுப்ப எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற துறைமுகம் இல்லை. வடக்கே கல்கத்தாவையும் தெற்கே விசாகப்பட்டினத்தையும் நம்பியிருக்க வேண்டும். ஜப்பானிய எஃகு ஆலைகளோ பெரிய கப்பல்களில் தாதுவை எதிர்பார்த்தன. மகாநதி கடலில் கலக்கும் இடத்தருகே பாரதீப்பில் ஆழ்கடல் துறைமுகம் அமைக்க அவர் முனைந்தார்.

1962 ஜனவரி 3ஆம் தேதி நேரு அடிக்கல் நாட்டினார். பெருந்துறைமுகம் அமைப்பது மத்திய அரசின் வேலை. அதன் நிதிக்காகக் காத்திராமல் மாநிலமே பணியைத் தொடங்கியது. தைதாரிச் சுரங்கப் பகுதியிலிருந்து கடற்கரை வரை தாது லாரிகளுக்கென்றே நெடுஞ்சாலை போடப்பட்டது. சதுப்பு நிலத்தின் நடுவே ஏழை மாநிலம் ஒன்று தன் கருவூலத்தை இப்படிப் பணயம் வைப்பது சரியா என்ற கேள்வி அன்று எழுந்தது நியாயமே. 1965இல் மத்திய அரசு துறைமுகத்தை ஏற்றது. 1966இல் அது செயல்பாட்டுக்கு வந்தது. 2023-24 நிதியாண்டில் 14.5 கோடி டன்னுக்கும் மேல் சரக்கைக் கையாண்டு, நாட்டின் பெருந்துறைமுகங்களில் பாரதீப் முதலிடம் பிடித்தது.

1962இல் சீனப் போரின்போதும் அதன் பின்னரும் பாதுகாப்பு விவகாரங்களில் நேரு அவரது ஆலோசனையை நாடினார். கோராபுட்டில் மிக் விமான இன்ஜின் தொழிற்சாலை அமைந்தது அக்காலகட்டத்தில்தான்.

1963இல் அவரது பாதை தமிழகத்தின் பாதையுடன் குறுக்கிட்டது. மூத்த தலைவர்கள் பதவி துறந்து கட்சிப்பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற காமராஜர் திட்டத்தின்கீழ் 6 மத்திய அமைச்சர்களும் 6 முதல்வர்களும் விலகினர். சென்னையில் காமராஜர் முதல்வர் பதவியைத் துறந்த அதே அக்டோபர் 2ஆம் தேதி, ஒரிசாவில் பிஜுவும் துறந்தார். அத்திட்டம் உருவானதில் பிஜுவுக்கும் பங்கு உண்டு என எழுதியோர் உளர். காமராஜருக்கு அது அகில இந்தியத் தலைமையைத் தந்தது. பிஜுவுக்கோ சோதனைக் காலத்தைத் தொடங்கிவைத்தது.

அவர் முதல்வராக இருந்தபோது அவரது குடும்பத் தொடர்புடைய கலிங்கா நிறுவனங்களுக்கும் மாநில அரசுக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கல்கள் கேள்விக்குள்ளாயின. குழாய்க் கொள்முதல்கள், பார்பில் இரும்பாலை அரசு நிறுவனத்தின் கைக்கு மாறிய விதம் ஆகியவை பற்றிப் புகார்கள் எழுந்தன. சிபிஐ விசாரித்தது. மத்திய அமைச்சரவைத் துணைக்குழு ஒன்று, சொந்த ஆதாயம் பெற்றதற்குச் சான்று இல்லை என்றும், ஆனால் முறையற்ற செயல்கள் நடந்துள்ளன என்றும் கருதியது. அவருக்குப் பின் முதல்வரான பிரேன் மித்ரா 1965இல் பதவி விலகினார். 1967 தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. புதிய அரசு அமைத்த நீதிபதி எச்.ஆர். கன்னா ஆணையம் மீண்டும் ஒருமுறை எல்லாவற்றையும் அலசியது.

மாநிலத்தில் பெருந்தொழில் நடத்துவோர் விரல்விட்டு எண்ணக்கூடிய நிலையில், தொழிலதிபரே முதல்வராகும்போது அரசு யாரிடம் வாங்கும் என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. ஆயினும் அந்த விடையைத் தேடுவது குற்றம் சாட்டுவோரின் பொறுப்பு அல்ல, பதவியில் அமர்வோரின் பொறுப்பு. பிஜுவிடம் வேகம் இருந்த அளவுக்கு அந்த எச்சரிக்கை இருக்கவில்லை. அவரது ஆதரவாளர்கள் இப்பகுதியைத் தாண்டிச் செல்வதும், எதிர்ப்பாளர்கள் இதனை மட்டுமே பேசுவதும் இன்றுவரை தொடர்கிறது.

இந்திரா காந்தியுடன் முரண்பட்ட அவர் 1970இல் உத்கல் காங்கிரஸைத் தொடங்கினார். 1975இல் நெருக்கடி நிலையின்போது கைதானார். பிரிட்டிஷ் ஆட்சியிலும் சுதந்திர இந்தியாவிலும் சிறை கண்டவர்களின் வரிசையில் சேர்ந்தார். 1977இல் கேந்திரபாரா தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வாகி, ஜனதா அரசில் எஃகு, சுரங்கத் துறை அமைச்சரானார். தாது வெட்டியவர், உலை மூட்டியவர், துறைமுகம் கட்டியவர் இப்போது நாட்டின் சுரங்கங்கள் அனைத்துக்கும் பொறுப்பேற்றார். அன்று கட்டுமானத்தில் இருந்த சேலம் உருக்காலையும் அவரது துறையின் கீழ்தான் இருந்தது.

1990இல், 74 வயதில், ஜனதா தளம் 147 இடங்களில் 123ஐ வென்றபோது மீண்டும் முதல்வரானார். அந்த மார்ச் மாதத்திலேயே ஈழத் தமிழர் விவகாரம் அவர் வாசலுக்கு வந்தது. இந்திய அமைதிப்படை இலங்கையை விட்டு வெளியேறியதும், ஈ.பி.ஆர்.எல்.எஃப். இயக்கத்தினரும் குடும்பத்தினரும் உயிருக்கு அஞ்சி இந்தியா வந்தனர். தமிழகத்தில் அவர்களைத் தங்கவைக்க அன்றைய அரசு தயங்கிய நிலையில், ஒரிசா இடமளித்தது. தெற்குக் கோடியிலுள்ள மால்கான்கிரியின் முகாம்களில் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். தமிழ் பேசுவோர் அருகில் எவரும் இல்லாத காட்டுப் பகுதி அது.

உள்ளாட்சி அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் முடிவை, அரசியல் சாசனத்தின் 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வருமுன்பே அவரது அரசு எடுத்தது. ஒடிசாவின் கிராமப் பெண்கள் அவரை நினைவில் வைத்திருப்பது விமானத்துக்காக அல்ல, இதற்காகவே. 1995 தேர்தலில் தோல்வியடைந்தார். 1996இல் மக்களவைக்கு இரு தொகுதிகளில் வென்று, பூர்வீக மாவட்டமான கஞ்சத்தின் அஸ்கா தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டார்.

1997ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி புதுடெல்லியில் மருத்துவமனை ஒன்றில் அவர் காலமானார். வயது 81. காலியான அஸ்காவில் நடந்த இடைத்தேர்தலில், அதுவரை அரசியலுக்கு வெளியே எழுத்தும் நண்பர்களுமாக வாழ்ந்த, ஒடியா சரளமாகப் பேசத் தெரியாத இளைய மகன் நவீன் வேட்பாளராக நின்று வென்றார். அவ்வாண்டு டிசம்பரில் தந்தையின் பெயரிலேயே பிஜு ஜனதா தளம் தொடங்கப்பட்டது.